பெருக்கமரங்களுக்குக் கன்றுகள் வேண்டும்: மன்னாரிலிருந்து ஒரு திறந்த மடல்

மன்னார்த் தீவில் நிலத்துக்கும் மரத்துக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தடிக்கு (ஆங்கிலத்தில் பாவோபாப்) அவர்களைக் கூட்டிச் செல்வது நம் வழக்கம். 19.5 மீற்றர் சுற்றளவும் 7.5 மீற்றர் உயரமும் கொண்ட அந்த மரத்தை 1477ஆம் ஆண்டில் அராபிய வணிகர்கள் நட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த ஆண்டு சரியா என்பதை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் கேள்வி வேறு. ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஒரு பெருக்கமரத்தைக் காட்டுங்கள் என்று அதே விருந்தினர் கேட்டால், நம்மில் எத்தனை பேரால் காட்ட முடியும்?

மாவட்டத்தில் எஞ்சியிருப்பவை சில பத்து மரங்களே. அவற்றில் பெரும்பாலானவை முதிர்ந்தவை. இளமரங்கள் மிக அரிது. முதியோர் மட்டும் இருக்கும் வீட்டைப் போன்ற இந்த நிலையைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. மரத்தைச் சுற்றி வேலியிட்டுப் பலகை நடுவதால் இருக்கும் மரம் காக்கப்படலாம், ஆனால் அடுத்த மரம் அதனால் முளைக்காது.

செம்பருத்தியும் பூவரசும் பருத்தியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தவை பெருக்கமரங்கள். அடன்சோனியா என்ற அவற்றின் பேரினத்தில் எட்டு இனங்கள் உள்ளன. ஆறு மடகாஸ்கருக்கு மட்டுமே உரியவை, ஒன்று அவுஸ்திரேலியாவின் வடமேற்கில் வளர்வது, மற்றொன்று ஆப்பிரிக்கப் பெருநிலத்துக்குரியது. நம்மிடம் இருப்பது இந்தக் கடைசி இனம். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி வாழக்கூடிய மரம் என்பதால் நமக்கு அவசரம் இல்லை என்று எண்ணத் தோன்றும். 2018இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நிம்மதியைக் குலைக்கிறது: ஆப்பிரிக்காவின் மிக முதிய 13 பெருக்கமரங்களில் 9 மரங்கள், 2005க்குப் பின்னான சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் முழுமையாகப் பட்டுப்போயின, அல்லது அவற்றின் மிகப் பழைய தண்டுகள் சரிந்தன. போட்ஸ்வானாவில் புகழ்பெற்றிருந்த சாப்மன் பெருக்கமரம் 2016இல் விழுந்தது. காலநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினாலும், அதை இன்னும் உறுதி செய்யவில்லை. எதுவாயினும், நீரைத் தேக்கிவைக்கும் பஞ்சு போன்ற நார்த்தண்டு கொண்ட இம்மரம் சரியும்போது, பலகையாக அறுத்து வைக்கக்கூட எதுவும் மிஞ்சாமல் நார்க்குவியலாகிவிடும்.

இனப்பெருக்கத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூ, மாலையில் விரிந்து மறுநாள் வாடிவிடும்; ஆப்பிரிக்காவில் அந்த ஓரிரவுக்குள் பழந்தின்னி வௌவால்கள் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது இம்மரத்துக்குப் பெரும்பாலும் இயலாது. எனவே வீதியை அகலப்படுத்தும்போதோ வளவைத் துப்புரவாக்கும்போதோ பெயர்பெறாத ஒரு மரத்தை வெட்டினால், புகழ்பெற்ற மரத்தின் காய்ப்புக்கும் அது இழப்பாகலாம். புகைப்படம் எடுக்கப்படாத மரங்களையும் கணக்கெடுத்துப் பதிவு செய்து வெட்டத் தடை விதிக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

காய் விழுந்தாலும் கன்று வருவதில்லை. விதையின் ஓடு கடினமானது. ஓட்டை அரத்தால் சற்றே உராய்ந்து, நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு எளிதாகும். முளைத்த பின்னும் ஒரு வேடிக்கை உண்டு. வளர்ந்த மரத்தில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரல்களைப் போல விரிந்திருக்க, கன்றில் வருவனவோ பிரிவில்லாத தனி இலைகள். பெருக்கமரத்தடியிலேயே வளர்ந்தவர்கூட அதைக் களை என்று பிடுங்கி எறிந்துவிடலாம். அவர் கண்ணுக்குத் தப்பினால் ஆடு இருக்கிறது, மாடு இருக்கிறது, இத்தீவின் கழுதைகளும் இருக்கின்றன. கால்நடைகளைக் குறை கூறிப் பயனில்லை. கன்றைச் சுற்றிக் கூடு அமைக்காதது நம் குறை.

ஆகவே, பல மரங்களின் விதைகளைக் கலந்து சேகரித்து ஒரு நாற்றுமேடை அமையுங்கள். ஆணிவேர் விரைவில் கிழங்காகப் பருப்பதால், நாற்றுகளை ஆழமான பைகளில் வளர்த்து இளமையிலேயே இடம் மாற்ற வேண்டும். பாடசாலை வளவுகளிலும் பொதுக்காணிகளிலும், கட்டடங்களுக்கு எட்டத்தில் நட்டு, தண்டு ஆட்டின் வாய்க்கு அஞ்சாத பருமனை அடையும்வரை கம்பிக்கூட்டைப் பராமரிக்கப் பெயர் குறித்து ஒருவரை நியமியுங்கள். நடுகை விழாவுக்கு ஒதுக்கும் பணத்தைக் கம்பிக்கூட்டுக்கு ஒதுக்கினாலே போதும். பழைய மரங்களின் அடியில் சீமெந்துத் தளம் போட வேண்டாம். பட்டையின் மேல்தோலுக்கு அடியில் உணவு தயாரிக்கும் பச்சைப் படலம் இருப்பதால், பெயர் செதுக்குவோரைத் தடுப்பதும் தண்டுக்கு வண்ணம் பூசாமல் இருப்பதும் அவசியம்.

வந்தேறி மரத்துக்கு இவ்வளவு செலவா என்று உங்கள் கூட்டத்தில் எவரேனும் கேட்கக்கூடும். வந்த இடமெல்லாம் பரவும் சீமைக்கருவேல முள்மரத்தோடு இதைச் சேர்த்து எண்ணுவது தவறு; பல நூற்றாண்டுகள் இருந்தும் தானாகப் பெருக முடியாத மரத்தால் இங்குள்ள காட்டுக்கு ஆபத்து வராது.

வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்குகிறது. அந்த ஈரத்தில் நட வேண்டுமானால், விதைகளைச் சில மாதங்களுக்கு முன்னரே பைகளில் ஊன்றியாக வேண்டும். எந்தக் காணியில், யாருடைய பொறுப்பில், எத்தனை கன்றுகள் என்பதை அதற்குள் பொது அறிவித்தலாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்த் தீவில் வசிக்கும் ஒருவர்