கணவருக்கும் ஒரு வழி சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பண்டிகைச் சிறப்பிதழில், புகுந்த வீட்டில் பண்டிகையைச் சந்தோஷமாகக் கழிக்கப் பத்து வழிகள் போட்டிருந்தீர்கள். மருமகள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வீடே கலகலப்பாகிவிடும் என்று முடித்தும் இருந்தீர்கள். பத்தையும் மறுபடி படித்தேன். கணவர் செய்ய வேண்டியது என்று ஒன்றுகூட இல்லை. மனைவி சிரித்த முகமாக இருந்தால் அவருக்கு நிம்மதி என்று ஓரிடத்தில் மட்டும் தலைகாட்டுகிறார். பாவம், அவருக்கும் வேலை இருக்குமே.

கல்யாணமான புதிதில், பண்டிகைக்கு எந்த வீட்டுக்குப் போவது என்று நாங்கள் இருவரும் பேசியதே கிடையாது. மாமியார் போனில் "எப்ப வர்றீங்க?" என்பார், இவர் "வந்துடறோம்மா" என்பார். அப்புறம்தான் எனக்கே தெரியும். என் அம்மாவிடம் சமாதானம் சொல்வது மட்டும் என் பொறுப்பு.

ஒரு வருடம், இந்த முறை என் பெற்றோர் வீட்டுக்குப் போகலாம் என்று இவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதைத் தன் அம்மாவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நான் சொன்னேன். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மகனைப் பிரித்தவள் என்ற பெயர் எனக்கு. அதையே இவர் சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பெற்ற மகன்மேல் கோபம் எத்தனை நாள் நிற்கும்? மருமகள்மேல் வந்த கோபம் அடுத்த பண்டிகைக்குள் வட்டியும் போடும்.

என் பிறந்த வீட்டிலும் இதே கதைதான். இவர் சம்பளத்தை வைத்து என் அண்ணன் கேலி பேசுவார், எல்லோரும் சிரிப்பார்கள். அதை நிறுத்த வேண்டியவள் நான்தான் என்று எனக்கு உறைக்க வெகுகாலம் பிடித்தது. இப்போதெல்லாம் எத்தனை நாள் தங்குவது, எந்த வீடு முதலில் என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுகிறோம். திரும்பும் டிக்கெட்டும் எடுத்துவிடுகிறோம். அடுத்த குழந்தை எப்போது என்று இவர் வீட்டில் கேட்டால் பதில் சொல்வது இவர். சண்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டு வருகிறோம். முன்பு அது கிடையாது.

சரி, இதையெல்லாம் நீங்கள் அறியாதவரா? ஆண்டுதோறும் அதே படம்தான் போடுகிறீர்கள்: பெண்கள் அடுப்பங்கரையில் நின்றபடி சிரிக்கிறார்கள், ஆண்கள் சோபாவில் சாய்ந்தபடி சிரிக்கிறார்கள். இதைப் பற்றி முன்பே எழுதினேன். பாராட்டிய இரண்டு வரியை வெளியிட்டுவிட்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள். இடப்பற்றாக்குறையாக இருக்கும். அதே பக்கத்தில் பாதிக்கு ஒரு சோபா விளம்பரம் இருந்தது.

பத்தில் பாதியை ஆண்களுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த சிறப்பிதழில் ஒரே ஒரு வழி சேருங்கள்: பண்டிகைக்கு எங்கே போகிறோம், எப்போது கிளம்புகிறோம் என்பதை அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்ல வேண்டும். அதையும் மகளிர் பக்கத்தில் போட வேண்டாம். விளையாட்டுப் பக்கத்தில் போடுங்கள், என் வீட்டில் அதைத்தான் முதலில் பிரிக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி