ரோட்டுக்கு அடியில் ஓடும் மழைநீரையும் வரைபடத்தில் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்துவிட்டால் உங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில், முழங்கால் அளவு தண்ணீரில் ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகும் படம் கட்டாயம் வரும், கீழே ‘முறையான வடிகால் வசதி இல்லை’ என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரி பாதிதான் சரி. வடிகால் இருக்கிறது. நாகர்கோவிலின் பழைய தெருக்கள் பலவற்றில் நம் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. அது எங்கே ஆரம்பித்து எந்த வழியாகப் போய் எதில் விழுகிறது என்பதுதான் யாரிடமும் எழுத்தில் இல்லை. குளம், ஆறு, சானல் (பாசனக் கால்வாய்) எல்லாம் காட்டுகிற நம் வரைபடங்களில் ரோட்டுக்கு அடியில் ஓடும் மழைநீர் ஓடை மட்டும் கிடையாது.

நான் நில அளவை வேலை பார்க்கிறவன். கிராம வரைபடம், எஃப்.எம்.பி. என்கிற புல அளவைப் படம், கூகுள் மேப், இஸ்ரோவின் புவன் வரைபடத் தளம் என்று எல்லாவற்றையும் தினமும் திறந்து பார்க்க வேண்டிய தொழில். எதைத் திறந்தாலும் ஒரே கதைதான். வயல்பக்கம் ஒழுங்காக வரும் நீலக்கோடு ஊர் எல்லை தொட்டதும் நின்றுவிடும், அப்புறம் ஊரைத் தாண்டி எங்கேயோ மறுபடி முளைக்கும். நடுவில் தண்ணீர் ஆவியாகிப் போகவில்லை. எப்போதோ யாரோ ஓடைக்கு மேலே சிலாப் போட்டு மூடினார்கள், அதன்மேல் ரோடு வந்தது, ரோட்டோரம் கடை வந்தது. கட்டட அனுமதிக்கு விண்ணப்பம் வரும்போது அதிகாரி வரைபடத்தைப் பார்க்கிறார், அந்த இடத்தில் நீர்வழி எதுவும் இல்லை, கையெழுத்துப் போடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அஸ்திவாரம் தோண்டும்போது ஓடை தட்டுப்பட்டால், கட்டுகிறவர்கள் சத்தம் போடாமல் கான்கிரீட் கொட்டி அடைத்துவிட்டு மேலே போகிறார்கள். அடுத்த ஐப்பசியில் மேல் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது, காரணம் யாருக்கும் விளங்குவதில்லை.

இதன் கோரமான முகத்தைப் பார்க்க வேண்டுமானால் திருவனந்தபுரத்துக்குப் போனால் போதும். அங்கே ஆமயிழஞ்சான் தோடு (தோடு என்றால் மலையாளத்தில் ஓடை) சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அடியில் நூறு மீட்டருக்கு மேல் சுரங்கமாக ஓடுகிறது. 2024 ஜூலையில் அதில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளி தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் தேடியும் இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது, அதுவும் அந்தச் சுரங்கத்துக்கு வெளியே, தோட்டின் கீழ்ப்பகுதியில். ஒரு மாநிலத் தலைநகரின் நட்டநடுவில் இது நடந்தது. ஓடையின் உள் அகலம் என்ன, எங்கே வளைகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது, எந்தத் துண்டு யார் பொறுப்பில் வருகிறது என்று ஒரு தாளிலாவது இருந்தால்தானே ஆளை இறக்கலாமா வேண்டாமா என்றே முடிவு செய்ய முடியும்.

சரி, இதற்கும் நீர்நிலை வரைபடத்துக்கும் என்ன சம்பந்தம், மாநகராட்சி தனியாக ஒரு வடிகால் வரைபடம் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு குளத்துக்கு எந்தெந்தப் பகுதியிலிருந்து தண்ணீர் வரும் என்பதை இப்போது நில உயரத் தரவை வைத்துக் கம்ப்யூட்டர்தான் கணக்குப் போடுகிறது. மேட்டுக்கு இந்தப் பக்கம் பெய்தால் இந்தக் குளம், அந்தப் பக்கம் பெய்தால் அந்தக் குளம் என்று பிரிக்கும். வயற்காட்டில் அது சரியாக வரும். டவுனில் வராது, ஏனென்றால் பூமிக்கு அடியில் போட்ட குழாய் மேட்டைக் குடைந்துகொண்டு அந்தப் பக்கத்துத் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவந்து கொட்டிவிடும். ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர். கூரையும் தார்ரோடுமாக இருக்கிற இடத்தில் அதில் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்காமல் அப்படியே ஓடைக்கு வந்துவிடும். இருபது ஏக்கர் தெருக்கள் கணக்கில் சேராமல் விட்டுப்போனால் குளத்தின் மறுகால் (நிறைந்த தண்ணீர் வெளியேறும் வழி) அளவு, கீழே ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட்டின் அளவு எல்லாமே தப்பாகிவிடும். ரோட்டு மேட்டையும் ரயில்வே மேட்டையும் கம்ப்யூட்டர் அணை என்றே நினைத்துக்கொள்ளும், அடியில் கல்வெர்ட் இருப்பதை நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரளியாறு கீழே ஓட, சானல் தண்ணீர் 115 அடி உயரத்தில் மேலே போகிறது. வரைபடத்தில் இரண்டு நீலக்கோடுகள் வெட்டிக்கொள்ளும், ஆனால் ஒரு சொட்டு கலப்பதில்லை. மேலிருந்து மட்டும் பார்த்து வரைந்தால் இரண்டும் சேருகிறது என்றுதான் வரும். அனந்தனாறு சானல் போகும் வழியில் குறுக்கே எத்தனை ஓடைகள் அடியில் நுழைந்து போகின்றன, எத்தனை சானலுக்குள்ளேயே விழுகின்றன என்பதற்கும் இதே கேள்விதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு குளம், பெயர் வேண்டாம். கரையில் தாமரை இலைகளுக்கு நடுவே இரண்டடி விட்டத்தில் ஒரு சிமெண்ட் குழாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மழை இல்லாத நாளிலும் அதிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் ஒழுகும், சோப்பு நுரையோடும் கொஞ்சம் எண்ணெய்ப் பளபளப்போடும். மழை பெய்த முதல் அரை மணி நேரம் தண்ணீர் கறுப்பாக வரும், அதோடு தெர்மோகோல் துண்டுகள், பால் கவர்கள், சில நேரம் செத்த பெருச்சாளி. இது எந்தத் தெருவின் தண்ணீர் என்று உள்ளாட்சியில் கேட்டேன். அந்தக் குழாய் எங்களுடையது இல்லை, ரோட்டுக்காரர்களுடையதாக இருக்கும் என்றார்கள். ரோட்டுக்காரர்கள் பழைய கான்ட்ராக்டில் போட்டது, பைல் இல்லை என்றார்கள். கடைசியில் வழி சொன்னது குளக்கரையில் டீக்கடை போட்டிருக்கும் பெரியவர். “மக்களே, மேலே கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி சிலாப்பைத் தூக்கிப் பாருங்க, அங்கேயிருந்துதான் வருது” என்றார். சிலாப்பை நகர்த்திக் கலர் பொடி கரைத்து ஊற்றினோம், சற்று நேரத்தில் குளத்துக் குழாயில் சிவப்பாக வந்தது. அந்த மண்டபத்துக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது, எந்த வரைபடத்தை வைத்துப் பார்த்தாலும் மண்டபத்துத் தண்ணீர் எதிர்ப்பக்கம்தான் போக வேண்டும். பெரியவருக்குத் தெரிந்தது அரசாங்கத்தின் வரைபடத்துக்குத் தெரியவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர் நம்முடையது, பழைய ஆவணங்களில் பல மலையாளத்தில் கிடக்கின்றன. தேடிப்பிடித்து வாசிக்கிற ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். எல்லைக்கல் நட்டு, பறவை கணக்கெடுத்துப் பாதுகாப்பதெல்லாம் நல்ல காரியம், அதற்கு நன்றி. ஆனால் ஊருக்குள்ளிருந்து எந்த ஓடை எந்தக் குளத்தில், பழையாற்றில் எந்த இடத்தில் விழுகிறது என்ற பட்டியல் இல்லாமல் தண்ணீரின் தரத்தை எப்படிக் காப்பாற்றுவது? பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்க் வழிவதை மழைநீர் ஓடையில் திருப்பி விடுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எங்கே திருப்பினார்கள் என்று பிடிக்க வேண்டுமானால் விழும் இடத்திலிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும், மேல்நோக்கிப் போக வரைபடம் வேண்டும். மத்திய ஜல்சக்தி அமைச்சகம் 2023-ல் வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 24 லட்சத்துக்கும் மேல் நீர்நிலைகள் எண்ணப்பட்டன, தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் ஆறும் கால்வாயும் சேர்க்கப்படவில்லை, தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்கள் மட்டும்தான். எண்ணியதைத் தப்பு சொல்லவில்லை, ஒன்றோடொன்று இணைக்கும் கோடுகளைப் போடும் வேலை பாக்கி இருக்கிறது.

வெளிநாட்டிலும் இது முடிந்துபோன வேலை இல்லை. அமெரிக்காவின் புவியியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ். தன் பழைய தேசிய நீரியல் தரவுத்தொகுப்பை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டு, விமானத்திலிருந்து லேசர் மூலம் அளந்த நில உயரத்தை வைத்துப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறது. லேசர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ரோட்டைத் துளைத்துக் குழாயைப் பார்க்காது, அந்தத் தகவல் ஊராட்சி, நகராட்சிகளிடமிருந்துதான் வர வேண்டும். அங்கே ஒரு வசதி உண்டு. 1999-ல் கொண்டுவந்த விதியின்படி மழைநீரை வெளியே விட அனுமதி வாங்க வேண்டிய சிறிய நகரங்கள்கூடத் தங்கள் மழைநீர்க் குழாய்கள் வெளியே விழும் ஒவ்வொரு இடத்தையும் அது சேரும் ஆறு ஏரியின் பெயரையும் வரைபடமாக வைத்திருக்க வேண்டும். இங்கே சட்டக் கட்டாயம் இல்லாவிட்டாலும் சொல்லாமல் விடவில்லை. 2005 ஜூலை 26-ல் மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய பிறகுதான் நகர வெள்ளத்தைத் தனியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வெளியிட்ட நகர வெள்ள வழிகாட்டுதலிலேயே வடிகால்களை நீர்ப்பிடிப்பு வாரியாகக் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறது. 2021 நவம்பரில் நம் மாவட்டமே மிதந்தது, நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்து ரயில் நின்றது. அதன்பிறகாவது செய்திருக்கலாம்.

இதற்குப் பெரிய திட்டமும் பெரிய பணமும் வேண்டாம். புதிதாக வடிகால் கட்டும் ஒப்பந்ததாரர், கட்டி முடித்த ஓடையின் ஆயத்தொலைவு (இடத்தைக் குறிக்கும் எண்கள்), அடிமட்டம் (ஓடைத் தரையின் உயரம்), அகலம், ஓடும் திசை, விழும் இடம் ஆகியவற்றை டிஜிட்டல் கோப்பாகக் கொடுத்தால்தான் கடைசி பில் பாஸ் ஆகும் என்று ஒரு நிபந்தனை போட்டால் போதும். முக்கியமாக அடிமட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு வேலையிலும் பக்கத்து வீட்டுப் படிக்கட்டையோ மைல்கல்லையோ நூறு என்று வைத்துக்கொண்டு லெவல் (உயரம்) எடுக்கிறார்கள், அதனால் இரண்டு தெருக்களின் ஓடைகளை ஒட்டவே முடிவதில்லை. களியக்காவிளை மாதிரி எல்லை ஊரில் தமிழ்நாட்டு ஓடையும் கேரள ஓடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது இது இன்னும் அவசியம். சர்வே ஆஃப் இந்தியா கடல்மட்ட உயரம் குறித்து வைத்திருக்கும் பெஞ்ச்மார்க்கிலிருந்து இரண்டு பக்கமும் லெவல் எடுத்தால் இரண்டு மாநில வரைபடங்களும் தானாகப் பொருந்திவிடும்.

பழைய ஓடைகளுக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அக்டோபர் மழைக்கு முன்னால் தூர்வாருவதற்காகத் தெருத்தெருவாக சிலாப்பைத் தூக்குகிறார்கள். அன்றைக்கே ஒரு சர்வேயரும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் ஒரு டிஜிபிஎஸ் கருவியும் கூட நின்றால், மண் அள்ளிய உடனே அளவுகோலை (ஸ்டாஃப்) இறக்கி அடிமட்டம் எடுத்துவிடலாம், சிலாப்பை மறுபடி மூடுவதற்குள் அந்தத் துண்டு முடிந்துவிடும். நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, சிவில் மாணவர்களை அழைத்தால் வருவார்கள். மாநகராட்சியும் நீர்வளத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து இந்த வருடம் கோட்டாறு, வடசேரி, ஒழுகினசேரி மூன்று பகுதிகளிலாவது இதை ஆரம்பிக்க வேண்டும், எடுத்த அளவுகளை நீர்நிலை வரைபடத்திலேயே சேர்த்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கூப்பிட்டால் என் கருவியோடு சம்பளம் இல்லாமல் வந்து நிற்கிறேன், இங்கே வேலை பார்க்கும் மற்ற சர்வேயர்களில் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நில அளவையர் ஒருவர்,
நாகர்கோவில்.