கியர் இல்லாத பிள்ளைகளுக்கும் ஓர் ஏற்றம் ஒதுக்குங்கள்

மலையகத்தில் சித்திரை வசந்த காலத்தையொட்டி சைக்கிளோட்டப் போட்டி நடத்தும் விளையாட்டுக் கழகங்களுக்கும், பிரதேச செயலகங்களின் விளையாட்டு உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

தலவாக்கலைப் பக்கம் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் திருத்திப் பிழைக்கிறவன் நான். சைக்கிள் பக்கவேலைதான். யாழ்ப்பாணத்தைப் போல வீட்டுக்கு வீடு சைக்கிள் நிற்கிற ஊரா இது? ஆனால் 2022இல் ஊரே பெற்றோல் வரிசையில் நின்றபோது, கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய ரலி, லுமாலா எல்லாம் என் கராஜுக்கு வரத் தொடங்கின. அவற்றை உருட்டிக்கொண்டு வந்த பையன்கள் பிறகு போகவே இல்லை. இப்போது பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். உங்கள் போட்டி நிரலில், ஏற்றத்தில் மட்டும் ஓடுகிற தனிநபர் நேரப் போட்டி ஒன்றைச் சேருங்கள். ஒருவர் பின் ஒருவராக, நிமிட இடைவெளியில் அனுப்பி, யார் குறைந்த நேரத்தில் உச்சிக்கு வருகிறார் என்று பாருங்கள். அதில் பிக்ஸட் கியர் சைக்கிளுக்குத் தனிப் பிரிவு வையுங்கள்.

பிக்ஸட் கியர் என்றால் பிரீவீல் இல்லாதது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்தவே முடியாது. சர்க்கஸ்காரன் பின்னோக்கி ஓட்டிக் காட்டுவானே, அதே சங்கதி. கியர் மாற்றும் சாமான், அதன் வயர், லீவர், பிரீவீல் எதுவும் வேண்டாம். மட்கார்ட், கரியர், ஸ்டாண்ட், டைனமோ, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டால் பழைய ரோட்டு சைக்கிள்கூட ஒரு கையால் தூக்கும் பாரத்துக்கு வந்துவிடும். ஏற்றத்தில் வேகம் குறைவு, அதனால் காற்று பெரிய எதிரி இல்லை, பாரம்தான் எதிரி. பத்து இலட்சத்தைத் தாண்டும் கார்பன் சைக்கிளுக்கும் இரும்பு சைக்கிளுக்கும் உள்ள தூரம் மலையேறும்போது முழுசாக மறையாது. ஆனால் காலில் பலம் உள்ளவனுக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கும். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொடவே 2021 ஆகிவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை எந்தச் சைக்கிளில் வந்து நிற்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்போது நடக்கும் போட்டிகளில் எல்லோரையும் ஒன்றாக விடுகிறீர்கள். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. ஏற்றத்தில் முன்னால் போன பையன் இறக்கத்தில் பின்னால் வந்துவிடுகிறான், சில சமயம் கானுக்குள் கிடக்கிறான். பிக்ஸட் கியரோடு இறக்கத்தில் விடுவது அதைவிடப் பெரிய மடத்தனம். கணக்குப் பார்ப்போம். முன்னால் 42 பல், பின்னால் 18 பல், 700 றிம். பெடல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4.9 மீற்றர். றம்பொடை வளைவுகளில் 50 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினால் பெடல் ஒரு நிமிடத்துக்கு 170 தடவை சுற்ற வேண்டும். எந்தக் காலுக்கு அது முடியும்? அதனால்தான் உச்சியில் முடியுங்கள் என்கிறேன். சைக்கிள்களை இறக்க ஒரு லொறி, பிள்ளைகளை இறக்க ஒரு பஸ், அவ்வளவுதான் செலவு.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. இங்கிலாந்தில் ஏற்றத்தில் மட்டும் ஓடும் போட்டி 1887 முதலே நடக்கிறது. அங்கே பிக்ஸட் கியரில் ஏறுவது பழைய வழக்கம்.

எந்த வீதி? கிரகரி வாவியைச் சுற்றலாம் என்று ஒருவர் சொன்னார். அது சமதரை, ஏற்றமே இல்லை. அதோடு ஏப்ரலில் அங்கே சுற்றுலாக்காரர், குதிரை, சோளம் விற்கிறவர் எல்லோரையும் தாண்டி யார் ஓடுவது? என் மனசில் இருப்பது நானுஓயாவிலிருந்து நுவரெலியாப் பக்கம் ஏறும் வீதி. நானுஓயா ஸ்டேசன் 1,600 மீற்றருக்குச் சற்று மேலே, நுவரெலியா 1,868. கண்ணீர் வரவைக்கும் சாய்வு இல்லை, பிக்ஸட் கியருக்குத் தோதானது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பொலிஸார் உதவினால் டவுனுக்கு முன்னாலேயே முடித்துவிடலாம். றதல்ல குறுக்கு வீதியை மட்டும் நினைக்க வேண்டாம். அங்கே போன உயிர்கள் போதும்.

இனி பரிசோதனை. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

கடந்த முறை ஒரு போட்டியில் என்னிடம் பழகும் பையன் ஒருவன் தானே கட்டிய சைக்கிளோடு போனான். பரிசோதித்தவர் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பின்னால் சுற்றினார். சக்கரமும் பின்னால் சுற்றியது. “என்ன தம்பி, இது பழுதா?” என்று கேட்டுவிட்டு, பின் பிரேக் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவரில் கோபமில்லை. விதித்தாளில் இப்படி ஒரு சைக்கிள் இருப்பதாகவே இல்லையே, அவர் என்ன செய்வார்? அன்று பிரீவீல் தனியாகச் சுழலாதபடி அதற்கு வெல்டிங் அடித்த வேறொரு சைக்கிள் பின் பிரேக் இருந்ததால் தாராளமாக உள்ளே போனது. அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு கலங்கியது.

ஏன் என்றால், பிரீவீல் பூட்டும் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், மரை ஒரு பக்கத்துக்குத்தான் இறுகும். முன்னால் மிதித்தால் இறுகும், காலால் எதிர்த்துப் பிடித்தால் கழரும். கழன்றால் அந்த நிமிடத்திலேயே கால் வெறுமனே சுற்றும், காலால் வேகத்தைப் பிடிக்க முடியாது. பழைய கிராங்க் லொக் ரிங்கை, அதாவது இறுக்கி வளையத்தை, அதே மரையில் முறுக்கிச் சமாளிக்கிறவர்களும் உண்டு, அதுவும் நம்பக்கூடியதில்லை. பிக்ஸட் கியருக்கென்றே செய்த ட்ராக் ஹப்பில் லொக் ரிங்குக்கு எதிர்மரை இருக்கும், பல்சக்கரம் கழரப் பார்த்தால் அது இன்னும் இறுகும். ஆனால் ட்ராக் ஹப் நம் கடைகளில் இலேசில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை.

மலிவான வழி ஒன்று இருக்கிறது. பழைய மவுண்டன் சைக்கிளின் டிஸ்க் பிரேக் ஹப். டிஸ்க் தட்டு பூட்டும் இடத்தில் ஆறு போல்ட் துளை இருக்கும். சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் போட்டு, அந்த ஆறு துளையில் பல்சக்கரத்தைப் போல்ட் அடித்தால் எந்தப் பக்கம் மிதித்தாலும் கழரும் பேச்சே இல்லை. லேத்தில் ஒரு தகட்டில் துளை போட்டுத் தரச் சொன்னால் போதும். பிறகு கம்பிகளை இழுத்து றிம்மை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். செயின் முன் பல்லிலிருந்து பின் பல்லுக்கு நேர்கோட்டில் ஓடுகிறதா பார்க்க வேண்டும். செயின் பழைய ரோட்டு சைக்கிளின் தடித்த செயினே நல்லது. ஃபிரேமும் பழைய வகையாக, அச்சை முன்பின் இழுக்க நீளமான காடி உள்ளதாக இருக்க வேண்டும். காடி செங்குத்தாக இருக்கும் புது ஃபிரேமில் செயினை இறுக்க வழியில்லை.

இவ்வளவையும் உங்கள் பரிசோதகர் கழற்றிப் பார்க்க முடியாது, தெரியும். ஒரு சின்ன வேலை செய்யட்டும். பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் குறுக்கே கியூடெக்ஸால் ஒரு கோடு இழுக்கட்டும். பின்சக்கரத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பையனை ஏறி நின்று பின்னோக்கி முழுப் பாரமும் போட்டு மிதிக்கச் சொல்லட்டும். கோடு இரண்டாகப் பிரிந்தால் சைக்கிள் வெளியே. பிரியாவிட்டால் செயினைப் பார்க்கட்டும்: நடுவில் அரை அங்குலம் ஆடலாம், அதற்கு மேல் தொங்கக் கூடாது. பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய பல்சக்கரங்கள் சரியான வட்டமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். தளர்ந்த இடத்தில் செயின் கழன்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

முன் பிரேக் கட்டாயம். ஏற்றம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பின் பிரேக்கைக் கால் பார்த்துக்கொள்ளும். ஹேண்டிலைக் கவிழ்த்து வெட்டி மாட்டுக்கொம்பு மாதிரி வைத்திருந்தால் வெட்டிய வாயை அடைத்திருக்க வேண்டும். விழும்போது திறந்த குழாய் தொடைக்குள் போகும். சப்பாத்து லேஸ் உள்ளே செருகியிருக்க வேண்டும். அப்புறம், சுற்றிக்கொண்டிருக்கும் செயினைத் துணியால் துடைக்க யாரையும் விடாதீர்கள். மற்ற சைக்கிளில் விரல் பட்டால் பெடல் நிற்கும். இதில் நிற்காது, விரல் போய்விடும்.

1993 யூலையில் கிரேம் ஓப்ரீ என்ற ஸ்கொட்லாந்துக்காரர், தானே கட்டிய பிக்ஸட் கியர் சைக்கிளில் நோர்வேயின் ஹாமாரில் ஒரு மணி நேரத்துக்குள் 51.596 கிலோமீற்றர் ஓடி, இத்தாலிக்காரர் மோசர் 1984இல் மெக்சிகோவில் வைத்த சாதனையை உடைத்தார். அந்தச் சைக்கிளில் வோஷிங் மெஷின் பெயாரிங் போட்டிருந்தார். மறுவருடமே சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கம் அவர் குனிந்து ஓடிய முறையைத் தடைசெய்தது. அவர் முறையை மாற்றிக்கொண்டு 1995இல் மறுபடி உலகச் சம்பியன் ஆனார். விதி இருந்தால் ஆட்கள் அதற்கு ஏற்றபடி கட்டிக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் விதியே இல்லை.

பரிசுத் தொகை பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணம் வேண்டாம், இரண்டு நல்ல டயரும் டியூபும் கொடுத்தாலே போதும். விதித்தாள் மட்டும் தமிழிலும் இருக்கட்டும். போட்டியன்று கருவிகளோடு நானும் வந்து பரிசோதகருக்குப் பக்கத்தில் நிற்கிறேன், சம்பளம் கேட்கமாட்டேன்.

ஒரே ஒரு அவசரம். தைப்பொங்கலுக்கு முன் உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். பழைய இரும்புக் கடைகளில் ஹப் தேடவும், லேத்துக்காரர் பின்னால் அலையவும் பையன்களுக்குச் சித்திரைவரை காலம் வேண்டும்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு கராஜ்காரர்