45 நாள் ஊசிக்கு வரும் தாயையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மகப்பேறு உதவித்தொகைத் தவணை இன்னும் வரவில்லை என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களை அடிக்கடி பார்க்கிறேன். நியாயமான புகார்தான். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000 பணமாகவும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. அந்தப் பெட்டகத்து நெய்யும் சத்துமாவும் வீட்டில் எல்லாருக்கும் பங்காகி, கர்ப்பிணிக்கு ஒரு கரண்டி மிஞ்சுவது தனிக்கதை. கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது எழுதுவது, பணம் ஒழுங்காக வந்துவிட்ட வீடுகளிலும் தாய்க்குக் கிடைக்காமல் போகிற ஒன்றைப் பற்றி: பிரசவத்துக்குப் பிறகு அவள் உடம்பையும் மனதையும் விசாரிப்பது.

கர்ப்பமாக இருக்கும்வரை எல்லோரும் அவளைச் சுற்றித்தான் இருப்பார்கள். பிக்மி எண் என்கிற அரசின் கர்ப்பப் பதிவு எண், ஸ்கேன், ரத்த அளவு, இரும்புச்சத்து மாத்திரை, அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு என்று ஒன்று மாற்றி ஒன்று நடக்கும். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து, அட்டையை அப்படியே கூரையில் செருகி வைக்கிற பெண்களும் உண்டு. அதையும் கண்டுபிடித்து, காபியோடு போடாதே, சாப்பாட்டுக்கு அப்புறம் எலுமிச்சைச் சாறோடு போடு என்று சொல்லிவிட்டு வருவோம். பிள்ளை பிறந்ததும் அத்தனை பேர் பார்வையும் தொட்டிலுக்குப் போய்விடும். வீட்டுக்கு வரும் செவிலியர் தாயையும் விசாரிக்க வேண்டும் என்றுதான் விதி. நடைமுறையில், "நல்லா இருக்கியாம்மா?" "இருக்கேன்." அதோடு சரி.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். அதாவது, ஏறக்குறைய பாதித் தாய்மார்கள் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறார்கள். அதன்மேல் பத்தியம். பூண்டுக் குழம்பு, கருவாடு, எண்ணெய்க் குளியல், நாற்பது நாள் ஓய்வு எல்லாம் நல்ல வழக்கங்கள், நான் ஒன்றும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும், பகலில் தூங்கினால் உடம்பு ஊதும் என்கிறார்களே, அதை ஒருநாளும் ஒத்துக்கொள்ள முடியாது. ராத்திரி முழுக்கப் பால் கொடுப்பவள் பகலிலும் தூங்காமல், தாகத்துக்குத் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் உடம்பும் மனதும் எத்தனை நாள் தாங்கும்?

மனதைப் பற்றி எங்கள் பக்கத்திலேயே ஆய்வு நடந்திருக்கிறது. வேலூர் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் செய்து 2002-ல் வெளியானது அது. பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அதில் சொன்னவை எங்கள் தெருவை எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருக்கும்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம், வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதது. ஒன்றுகூட மாத்திரையில் தீர்வதில்லை, பாருங்கள்.

பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். அதைத் தாண்டியும் நீடித்தால்தான் கவனிக்க வேண்டும். இரண்டாவதும் பெண் பிள்ளையைப் பெற்ற ஒரு தாய், பிள்ளைக்கு 75 நாள் தடுப்பூசி போட வந்தாள். பிள்ளையின் எடை நன்றாக ஏறியிருந்தது. நான் கேட்டதற்கெல்லாம் மாமியாரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "குழந்தையை எடை போட்டுக்கிட்டு வாங்கம்மா" என்று அவரை அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். "பிள்ளை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வரல நர்சம்மா. அதைத் தூக்கவே பிடிக்கல" என்றாள். கையில் தாயத்து. காத்துக் கருப்பு என்று மந்திரித்திருக்கிறார்கள். கணவரிடம் தனியாகப் பேசி, தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் நாளில் கூட்டிப்போகச் சொன்னேன். பால் கொடுப்பவர்களுக்கும் ஒத்துவரும் மருந்துகள் இருக்கின்றன. சில மாதங்களில் சரியாகிவிட்டாள். மாமியாரும் கெட்டவர் இல்லை, அவருக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாது. (தாயே சம்பந்தமில்லாமல் பேசுவது, காதில் குரல் கேட்கிறது என்பது, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்பது வேறு. அதற்கு மருத்துவர் வரும் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. தன் உடம்புக்காக ஆஸ்பத்திரிப் படி ஏறாதவள்கூடப் பிள்ளையின் 45, 75, 105 நாள் ஊசிக்குப் புதன்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்கார வைப்பது வழக்கம். அந்த அரைமணியில் அவளுக்கு ரத்த அழுத்தம் பாருங்கள், ரத்த அளவு பாருங்கள், தையலைக் கேளுங்கள். அப்புறம், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. அதன் தமிழ் வடிவத்தையும் வேலூரில் சோதித்துப் பார்த்து 2005-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு மட்டும் 'ஆமாம்' என்றாலும் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பெரியவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க 2021 முதல் வீடு தேடிப் போகிறோம். தானே நம்மைத் தேடி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளிடம் பத்துக் கேள்வி கேட்க முடியாதா?

முடியாமல் போவதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். புதன்கிழமை ஒரு செவிலியருக்கு ஊசி, பதிவேடு, செல்போனில் ஏற்றும் வேலை என்று மூச்சுவிட நேரம் இருக்காது. தனியாக உட்கார்ந்து பேச இடமும் இருக்காது. ஆகவே அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஓர் ஆளும், கதவு உள்ள ஓர் அறையும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டுக்குத் திரும்புவாள். அம்மாவின் உதவி நிற்பது அப்போதுதான். ஒரு செவிலியரின் கணக்கிலிருந்து விட்டுப்போய், இன்னொருவரின் கணக்கில் ஏறாமல் நடுவில் நிற்பதும் அப்போதுதான். பிள்ளையின் ஊசி விவரம் ஊர்விட்டு ஊர் போகிறது. தாயின் விவரமும் அதே அட்டையில் போகட்டும். இதற்குச் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

அதுவரை, இதைப் படிக்கும் வீடுகளில் யாருக்காவது இந்தச் சிரமம் இருந்தால் 14416-க்கு அழைக்கலாம். டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். தாய்க்குப் பேசத் தயக்கமாக இருந்தால் கணவரே முதலில் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கண்ணமங்கலம், திருவண்ணாமலை மாவட்டம்.