டியூபின் மறுமுனையையும் எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டட வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெயிலில் இறங்கமாட்டேன் என்கிறார்கள் என்று டீக்கடையிலும் பேசுகிறார்கள், பத்திரிகையிலும் வருகிறது. நான் 19 வருடமாகச் சித்தாள் வேலை பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் அறந்தாங்கி வட்டாரத்தில் ஆள் வரத்தான் செய்கிறது; வந்த ஆள் தங்குவதில்லை. அது ஏன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

புதிதாக ஒரு பையன் வருகிறான் என்று வையுங்கள். முதல் நாள் காலையில் கையில் பாண்டு என்கிற மண் சட்டியைக் கொடுத்து "மண்ணை அள்ளு" என்பார்கள். எங்கே கொட்டுவது என்று சொல்லமாட்டார்கள். அவனாக ஓர் இடத்தில் கொட்டுவான். "அங்கேயாடா கொட்டுவ?" என்று சத்தம் வரும். நூல் கட்டியிருக்கும் முளையைக் காலில் இடறிவிடுவான். அது வீட்டின் மூலைக்கு அடித்த முளை, அசைந்தால் சுவரே கோணிப்போகும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அதற்கும் வசவு. மூன்றாம் நாள் கை கொப்பளித்திருக்கும். நான்காம் நாள் வரமாட்டான். பேக்கரியிலோ செல்போன் கடையிலோ நிற்பான். "உடம்பு வளையாத பயல்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தேடுவார். இப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்ல வேலைக்காரர்களாக வந்திருப்பார்கள்.

என் கதையும் இதுதான். போக வேறு இடம் இல்லாததால் நான் தங்கிவிட்டேன், அவ்வளவே.

மட்டம் பார்க்கும், அதாவது இரண்டு இடமும் ஒரே உயரமா என்று பார்க்கும் டியூபைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூப். ஒரு முனையைக் கொத்தனார் பிடிப்பார், மறுமுனையைச் சித்தாளிடம் கொடுப்பார். அந்த மறுமுனையை நான் எத்தனை நூறு தடவை பிடித்திருப்பேனோ தெரியாது. "தூக்கு, இறக்கு, இன்னும் கொஞ்சம், போதும்" என்ற நான்கு வார்த்தைகளுக்கு மேல் அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு வீட்டில் பேஸ்மட்டம், அதாவது தரைக்கு மேல் எழுப்பும் அடித்தளம், ஏறியபிறகு பார்த்தால் ஒரு மூலை ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. "நீ ஒழுங்காகப் பிடிக்கவில்லை" என்று பத்துப் பேர் முன்னால் திட்டினார்கள். அன்றைய கூலியிலும் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் என்ன தப்பாகப் பிடித்தேன் என்று யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஒன்பது வருடம் கழித்துத்தான் அது விளங்கியது. கீரமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான கொத்தனார், துணைக்கு வேறு ஆள் வராத ஒருநாள், என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். டியூபை எடுத்துக்கொண்டு நடக்கும்போது தண்ணீர் சிந்தாமலிருக்க முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். மட்டம் பார்க்கும்போது இரண்டு முனையிலும் விரலை எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் அடைத்திருந்தாலும் தண்ணீர் தன் மட்டத்துக்கு வந்து நிற்காது. "சிந்திராதே, சிந்திராதே" என்று சொல்லியே பழக்கியதால் நான் கடைசிவரை விரலை அழுத்திப் பிடித்திருந்தேன். அந்த ஒன்றரை அங்குலம் அதனால் வந்ததுதான். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் சுண்டிச் சுண்டி மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டும், எங்கும் மடங்கியிருக்கக் கூடாது, நடுவில் டியூப் பள்ளத்தில் கிடந்தாலும் சுருண்டு கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும் என்றும் சொன்னார். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரப் பாடம். அதற்கு நான் 11 வருடம் காத்திருந்தேன்.

நூல் பிடிப்பதையும் அவரிடம்தான் கற்றேன். வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுவதற்கு முன் மூலையைச் சரியாக எடுக்க வேண்டும் இல்லையா? ஒரு நூலில் மூலையிலிருந்து மூன்றடிக்கு ஒரு குறி, அடுத்த நூலில் நான்கடிக்கு ஒரு குறி, இரண்டு குறிக்கும் நடுவே டேப்பை வைத்தால் சரியாக ஐந்தடி வர வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் நூலை நகர்த்த வேண்டும். பெரிய கட்டடம் என்றால் ஆறு, எட்டு, பத்து. நான்கு மூலையும் எடுத்தபிறகு எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். முளையைத் தோண்டும் கோட்டிலேயே அடித்தால் மண்ணோடு முளையும் போய்விடும் என்பதால் இரண்டடியாவது தள்ளி அடிக்க வேண்டும். அன்று ராத்திரி என் மகனிடம் இதைச் சொன்னபோது அவன் கணக்குப் புத்தகத்தை விரித்து, "அம்மா, இது பிதாகரஸ் தேற்றம்" என்றான். பத்தாவது வரை படித்த நானும் அதைப் பரீட்சையில் எழுதியவள்தான். நூலும் முளையுமாக அதைக் காட்டியிருந்தால் என் பிழைப்பே வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதுவரை எழுதியது வேலை கெடுவதைப் பற்றி. உயிருக்கே ஆபத்து வருவதையும் எழுத வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்கு செப்டிக் டேங்க் குழி எடுத்தோம். ஜே.சி.பி. தோண்டிவிட்டுப் போயிருந்தது, எட்டடி ஆழம். தோண்டிய மண் அத்தனையும் குழியின் விளிம்பிலேயே குவிந்து கிடந்தது. அதற்கு முன் இரண்டு நாள் மழை. ஓரத்தைச் செதுக்கிவிட 19 வயதுப் பையன் ஒருவனை இறக்கினார்கள். அவன் வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, விளிம்போடு ஒட்டியே நீளமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது, மயிரிழை அளவுக்கு. காலையில் அந்த வெடிப்பைத் தாண்டித் தாண்டித்தான் நான் பாண்டு சுமந்தேன். அந்த இடத்து மண் இறங்கப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று எனக்குத் தெரியாது. பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் அப்படியே சரிந்தது. பையன் இடுப்புக்கு மேல் புதைந்துவிட்டான். மண்வெட்டியைப் போட்டால் அவன்மேல் வெட்டிவிடும் என்று கையாலேயே பறித்தோம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தலை வெளியே இருந்ததால் பிழைத்தான். தொடை எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுத்துக் கிடந்தான். அதன்பிறகு அவன் எந்தச் சைட்டுக்கும் வரவில்லை.

பிறகு ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையில் இன்ஜினியராக வந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். ஐந்தடிக்கு, அதாவது ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கத்துக்குப் பலகை கொடுத்து முட்டுக்கட்ட வேண்டும், இல்லையென்றால் பக்கத்தைச் சரிவாக வெட்டிவிட வேண்டும், தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும் என்று ஐ.எஸ். 3764 என்ற இந்தியத் தர விதியிலேயே இருக்கிறதாம். அந்தப் பெண் சொல்லும்வரை அப்படி ஒரு விதி இருப்பதே எனக்குத் தெரியாது. குழியில் இறங்குகிறவனுக்கும் மண் சுமக்கிறவளுக்கும் தெரியாத விதி யாருக்காக எழுதப்பட்டது?

என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பது புதிதல்ல. இங்கே ஆறு வருடம் கட்டட வேலை பார்த்தவன்தான். போவதற்கு முன் பணம் கட்டிப் பயிற்சி எடுத்து ஸ்கில் டெஸ்ட் பாஸ் செய்தான். அங்கே போனபிறகும் பாதுகாப்பு வகுப்பை முடிக்காமல் சைட்டில் வேலைக்கு விடவில்லை. பூமியைத் தோண்டுவதற்கு முன் கீழே மின்சாரக் கேபிள் போகிறதா என்று கருவியால் பார்ப்பதற்கு லைசென்ஸ் வாங்கிய ஆள் உண்டு என்கிறான். போனில் அவன் இதையெல்லாம் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, ஆற்றாமையாகவும் இருக்கிறது. அதே கை, அதே கடப்பாரை. கடல் தாண்டினால் கற்றுக்கொடுக்கிறார்கள்.

கான்கிரீட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கலவையில் தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் சித்தாள். குறைந்த கூலி வாங்குகிற ஆளின் கையில்தான் அந்த வீட்டின் பலம் இருக்கிறது. தண்ணீர் தாராளமாக ஊற்றினால் கலவை இலகுவாக ஓடும், இழுத்துவிடுகிறவருக்குச் சுலபம், அதனால் "ஊத்து, ஊத்து" என்பார்கள். வீடுகளுக்குப் போடும் எம்20 என்கிற கான்கிரீட் கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் பலம் குறையும். ஜல்லியையும் மணலையும் பாண்டு கணக்கில் அள்ளினால் ஒருத்தி கூம்பலாக அள்ளுவாள், ஒருத்தி தலை தட்டி அள்ளுவாள். அதற்குத்தான் அளவுப்பெட்டி. போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் எங்கள் வேலைதான். இப்போது வருகிற பி.பி.சி. என்கிற சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் ஒரு நாள்கூட விட்டதில்லை. தெரியாத காலத்தில் மேலே காய்ந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். அந்த வீடுகளைக் கடந்து போகும்போது இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

எங்கள் பேரில் வசூலிக்கிற பணம் இல்லாமல் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. கட்டடச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்று வசூலாகிறது. வாரிய அட்டை என்னிடமும் இருக்கிறது. பிள்ளையின் படிப்பு உதவி கிடைத்திருக்கிறது, அதற்கு நன்றி உண்டு. சென்னைப் பக்கம் தையூரில் பயிற்சி கொடுக்கிறார்கள், காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நிறுவனம் பயிற்சி நிலையம் நடத்துகிறது என்றும் கேள்விப்படுகிறேன். எல்லாம் வடக்கே. அறந்தாங்கியிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப்போய், மாமியாரையும் பிள்ளையையும் ஆட்டையும் விட்டுவிட்டு, ஒரு பொம்பளை அங்கே தங்கிப் படிக்க முடியுமா? ஊரைவிட்டுப் போகாத 18 வயதுப் பையனும் போகமாட்டான்.

ஒவ்வொரு ஒன்றியத்திலும் 15 நாள் அடிப்படைப் பயிற்சி நடத்துங்கள் என்றுதான் அரசையும் வாரியத்தையும் கேட்கிறேன். புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம், ஐ.டி.ஐ. இருக்கும் ஊரில் அதன் மைதானம் போதும். நூல், முளை, டேப், டியூப், தூக்குக்குண்டு, கொஞ்சம் பலகை, ஒரு அளவுப்பெட்டி. வானம் எடுக்கவும், மட்டம் பார்க்கவும், குழிக்கு முட்டுக்கொடுக்கவும், கலவைக் கணக்குக்கும் அந்த நாட்கள் தாராளம். ஐப்பசி, கார்த்திகையில் மழையால் எங்களுக்கு வேலை கம்மி. அப்போது வைத்தால் எல்லாரும் வருவோம். அன்றாடக் கூலிக்காரர்கள் என்பதால் அந்த நாட்களுக்கு ஒரு தொகை தர வேண்டும், இல்லாவிட்டால் வரத் தோதுப்படாது. பாதி இடமாவது பெண்களுக்கு ஒதுக்க வேண்டும். எனக்கு நாள் கூலி 600, பக்கத்தில் நிற்கும் கொத்தனாருக்கு 1,100. அந்த 500 ரூபாய் வித்தியாசம் படிப்புக்கு உள்ளது என்றால், அந்தப் படிப்பை எனக்கும் திறந்துவிடுங்கள்.

கற்றுக்கொடுத்தால் ஆள் வேறு மேஸ்திரியிடம் ஓடிவிடும் என்பவர்களிடம் ஒரு வார்த்தை. கற்றுக்கொடுக்காமலும் ஓடத்தானே செய்கிறார்கள்? வடக்கே இருந்து வந்து நம்மோடு வேலை பார்க்கிற தம்பிகளுக்கும் இதே கதிதான். பாஷையும் தெரியாமல் குழியில் நிற்கிறார்கள். பயிற்சி வைத்தால் அவர்களையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

இதைத் தொடங்குகிற யாராக இருந்தாலும், டியூப் மட்டம் பார்க்கவும் மூன்று நான்கு ஐந்து வைத்து மூலை எடுக்கவும் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் முழு நாளும் வருவேன். அதற்குக் கூலி வேண்டாம்.

பெயரைப் போட வேண்டாம் ஐயா. திங்கட்கிழமை அதே ஆட்களிடம்தான் வேலைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்டடத் தொழிலாளி,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.