ஸ்ட்ரிப் மஞ்சளாக இருந்தாலும் கமக்காரரை அனுப்பிவிடாதீர்கள்

வவுனியாக் கிராமங்களில் சிறுநீரகப் பரிசோதனை முகாம் நடத்தும் வைத்தியர்களுக்கு,

வணக்கம். ஒரு கமக்காரரின் மகள் எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை. ஊருக்கு வந்த முகாமில் இரண்டு தடவை சின்னப் போத்தலில் சலம் கொடுத்தார். இரண்டு தடவையும் அதில் தோய்த்த ஸ்ட்ரிப் மஞ்சள், அதாவது புரதம் தெரியவில்லை. "ஒன்றுமில்லை ஐயா, தண்ணி நிறையக் குடியுங்கோ." மூன்றாம் வருடம் வேறெதற்கோ இரத்தம் எடுத்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினைன் 2.4 என்று கூடியிருந்தது.

சோதித்த பிள்ளைகளில் பிழையில்லை. அந்த ஸ்ட்ரிப் முக்கியமாக அல்புமினுக்குத்தான் பச்சையாகும். அல்புமின் பெரிய புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதானால் கசியும். ஆனால் 1990களில் வட மத்திய மாகாணத்தில் கண்ணில் பட்டு, மதவாச்சி, பதவியா என்று பேசப்பட்டு, எங்கள் பக்கமும் இருக்கிற, காரணம் தெரியாத இந்த நாட்பட்ட சிறுநீரக வருத்தம் பெரும்பாலும் நுண்குழாய்களைத்தான் பிடிக்கிறது. சிறிய புரதங்கள் நல்ல சிறுநீரகத்திலும் வடிகட்டியைத் தாண்டும். குழாய் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். குழாய் சோர்ந்தால் அவை சலத்தோடு போய்விடும். ஸ்ட்ரிப்புக்கு அது பெரும்பாலும் தெரியாது.

ஜப்பானில் ஜின்சு ஆற்றுநீர் பாய்ந்த வயல்களின் சோற்றை உண்டவர்களுக்கு வந்த இத்தாய்-இத்தாய் நோயை 1968இல் அந்நாட்டு அரசே ஏற்றுக்கொண்டது. காட்மியம் என்ற உலோகத்தால் வந்தது. அங்கே குழாய்ப் பாதிப்பைத் தேட சலத்தில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறிய புரதத்தை அளந்தார்கள். இங்கேயும் காட்மியம்தான் என்று நான் சொல்ல வரவில்லை, அந்தச் சண்டை தனி. அளக்கும் வழியைச் சொல்கிறேன்.

அதிலும் ஒரு சிக்கல். புளிப்பேறிய சலத்தில் பீட்டா-2 சிதைந்துவிடும், சில நேரம் சிறுநீர்ப்பைக்குள்ளேயே. பகல் முழுக்க வெயிலில் மருந்தடித்து வேர்த்து, சலம் புளிப்பேறியிருக்கக்கூடியவரிடம் அதை நம்பி அளக்கலாமா? ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் என்ற இன்னொரு சிறிய புரதம் அவ்வளவு லேசில் சிதையாது, எங்களுக்கு அதுதான் தோது. சலத்திலுள்ள கிரியேட்டினைனோடு விகிதமாகப் பார்த்தால் தண்ணீர் கூடக்குறையக் குடித்ததும் கணக்கைக் கெடுக்காது.

எல்லோருக்கும் செய்யக் காசு காணாது, சரி. வயலில் இறங்குகிறவர்களுக்கும் வீட்டில் ஏற்கனவே ஒரு நோயாளி இருப்பவர்களுக்கும் மட்டுமாவது செய்யுங்கள். அதுவும் ஏலாது என்றால், ஒரே போத்தலில் மொத்தப் புரதத்தையும் அல்புமினையும் ஆய்வுகூடத்தில் அளந்து பாருங்கள். மொத்தம் கூடியிருந்து அல்புமின் அதில் சிறு பங்குதான் என்றால், குழாயைச் சந்தேகித்து அந்த ஆளை மேற்பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்.

அப்பாவின் வயலை இப்போது தம்பி செய்கிறான். வயது 34. போன முகாமில் அவனுடைய ஸ்ட்ரிப்பும் மஞ்சள்தான்.