வெயில் அடித்த அந்தச் சனிக்கிழமை: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வழக்கமாக இந்த நேரத்தில் ஜனவரி மாதத் தேதிகளை அனுப்புவேன், கூடவே பாய் விரித்த படகின் படம் ஒன்றும் இருக்கும். இந்த முறை முதலில் வேறு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு வாரமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உங்களில் பாதிப் பேர் அதை எனக்கே அனுப்பி, "இது உங்க கடையா?" என்று கேட்டுவிட்டீர்கள். ஆமாம், நம் பாய்மரப் படகுச் சவாரிக் கடைதான். அதில் இருக்கிற கதை இதுதான்.

சென்னையிலிருந்து எட்டுப் பேர் இசிஆர் வழியாகப் புதுச்சேரி வந்தார்கள். வானம் பளிச்சென்று இருந்தது. கடற்கரைச் சாலையில் ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதற்கும் படம் போட்டிருக்கிறார்கள். நாங்கள் "புயல்" என்று சொல்லிப் படகை எடுக்கவில்லை. இவ்வளவும் உண்மை. முன்பணத்தைச் சுருட்டிவிட்டோம் என்று எழுதியிருப்பது சரியில்லை; வேறு தேதி கொடுத்தோம், அது அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். "கடல் குளம் மாதிரி இருந்தது, படகுக்காரருக்குத்தான் பயம்" என்று ஒரு வரி இருக்கிறதே, பதினெட்டு வருடமாக இந்தத் தண்ணீரில் பாய் கட்டுகிற எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்று காலை துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். வங்கக் கடலில் சுமார் 700 கி.மீ. தள்ளி ஒரு தாழ்வு மண்டலம். அந்த வாட்ஸ்அப் செய்திக்குக் கீழே ஒருவர், "1-ஆம் எண் கூண்டு என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம், மொத்தம் 11 கூண்டு இருக்கிறது" என்று எழுதியிருந்தார். படித்தவர், சரியாகத்தான் சொல்கிறார். ஆழமான துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற கப்பலுக்கு அது தூரம்தான். நம் படகு அங்கே நிற்கவில்லையே. தேங்காய்த்திட்டிலிருந்து கிளம்பி, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டித்தான் கடலுக்குள் போக வேண்டும். எத்தனை முறை தூர் வாரினாலும் மணல் திரும்ப வந்து மூடுகிற இடம் அது. நம் படகின் கீல், அதாவது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம், தண்ணீருக்குக் கீழே 1.3 மீட்டர் இறங்கியிருக்கிறது. நீர் வற்றியிருக்கும்போது அடியில் மிச்சம் இருப்பது முழங்கால் அளவு.

புயல் நகர்வதைவிட அது கிளப்பிவிடும் அலை வேகமாக ஓடும். 12 விநாடிக்கு ஒன்று என்று வருகிற நீள அலை, ஆழ்கடலில் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் நகரும். 700 கி.மீ. தூரத்தை ஒரு நாளுக்குள் கடந்து நம் வாசலுக்கு வந்துவிடும். காற்று வராது, மேகம் வராது, அலை மட்டும் வரும். நடுக்கடலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தொட்டில் மாதிரி மெல்லத் தூக்கி இறக்கும். முகத்துவாரத்து மணல் திட்டில் கால் வைத்ததும்தான் எழுந்து நின்று உடையும். இரண்டு அலைக்கு நடுவில் பள்ளம் விழும்போது கீல் மணலில் குத்தினால், அடுத்த அலை படகைச் சாய்த்துவிடும். கடற்கரைச் சாலையில் நின்று பார்க்கிறவருக்கு அது குளம்தான். நான் முகத்துவாரத்துக்கு நடந்தே போய் அரை மணி நேரம் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்துதான் முடியாது என்று சொன்னேன். அன்று வம்பாகீரப்பாளையத்து மீனவர்களும் போகவில்லை. அவர்கள் போகாத நாளில் நான் போவதில்லை என்பது கடை திறந்த நாளிலிருந்தே இருக்கிற வழக்கம்.

இதே குடும்பத்து அலைக்குக் கேரளத்தில் கள்ளக்கடல் என்று பெயர். அது இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலிருந்து வருவது. 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

"புயல் முன்பு வரவில்லையா?" என்று கேட்பீர்கள். வந்தது. 2011-இல் 'தானே' புயல் வந்தபோது நம் கூரையே போனது. ஆனால் அந்தப் புயல் வருவது முன்கூட்டியே தெரிந்தது. கிரேன் பேசி, படகைக் கரையேற்றி, பாயைக் கழற்றிச் சுருட்டி வைக்க நேரம் இருந்தது. இப்போது அந்த நேரம்தான் சுருங்குகிறது. 1951 முதல் 2015 வரை இந்தியப் பெருங்கடலின் மேல்மட்டம் சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது என்று மத்திய அரசின் பருவநிலை அறிக்கையே சொல்கிறது. 1 டிகிரி நமக்குப் பெரிதில்லை, புயலுக்கு அது சாப்பாடு. 2017-இல் ஒக்கி ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாகிவிட்டது, கடலில் இருந்தவர்களுக்குத் திரும்ப நேரமில்லை. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலாகுமா ஆகாதா என்று வானிலை மையமே மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் நம் தலைக்கு மேல் வந்து மணிக்கணக்கில் நகராமல் உட்கார்ந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டித் தீர்த்தது. ஒவ்வொரு புயலையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்ட நான் விஞ்ஞானி இல்லை. நங்கூரக் கயிறு பிடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பழைய கணக்கு இப்போது உதவுவதில்லை.

இது நம் ஒரு கடையின் அழுகையும் இல்லை. கரீபியன் தீவுகளில் வாடகைப் பாய்மரப் படகு ஓட்டுகிற கூட்டாளி ஒருவர் எனக்கு உண்டு. அங்கே கிரெனடா பக்கம் தெற்கே போய்விட்டால் சூறாவளிக்குத் தப்பலாம் என்று படகுக்காரர்கள் நம்பியிருந்தார்கள். 2004-இல் ஐவன் வந்து அதைக் கெடுத்தது. 2024-இல் பெரில் ஜூலை 1-ஆம் தேதியே, சீசன் ஆரம்பத்திலேயே, பக்கத்துக் கரியகூ தீவில் ஏறியது. அலையாத்திக் காட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிய படகுகள்கூட ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அதற்கப்புறம் காப்பீட்டுக்காரர் போனை எடுப்பதே பெரிய விஷயம் என்கிறார்.

சரி, காசு. படகு ஓடாத நாளிலும் செலவு ஓடுகிறது. சும்மா நிற்கிற படகின் அடியில்தான் கொட்டலசு என்கிற ஓட்டுப் பிராணி அதிகம் ஒட்டும். சுரண்டி, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். கிரேன் வாடகை, பாய்த் துணி, காப்பீடு எல்லாம் ஏறிவிட்டன. படகு ஓட்டுகிற நம் மாஸ்டரும் ஐப்பசியில் துபாய்க்குப் போய்விட்டார். அங்கே வருடம் முழுக்கச் சம்பளம், இங்கே கூண்டு இறங்கினால்தான் சம்பளம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதனால் இரண்டு மணி நேரச் சவாரி ஆளுக்கு 1,800 ரூபாயிலிருந்து 2,300 ஆகிறது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் 20 வரை இனி முன்பதிவு இல்லை, உள்ளூர்க்காரர்கள் மட்டும் காலையில் கூப்பிட்டுக் கேட்கலாம். முன்பணம் திருப்பித் தருவதில்லை, தேதி மாற்றிக்கொள்ளலாம். ஆற்றுக்குள் நடக்கிற பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பழைய கட்டணமே.

ஃபெஞ்சல் முடிந்த மறுநாள் யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து நின்றவர்களை மறக்க மாட்டேன். சேறு படிந்த பெரிய பாயைத் தன் மொட்டை மாடியில் விரித்து, மூன்று நாள் காயவைத்துக் கொடுத்த லாஸ்பேட்டை டீச்சரம்மா, ஒரு வருடச் சவாரிக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, "ரசீது வேண்டாம், படகை எழுப்புங்க" என்று சொன்ன விழுப்புரத்து ஐயா, இவர்களால்தான் இந்தக் கடை இன்னும் திறந்திருக்கிறது. அந்த எட்டுப் பேருக்கும் சொல்கிறேன், உங்கள் தேதி இன்னும் அப்படியே இருக்கிறது. வந்தால் முதலில் முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன், அப்புறம் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

ஜனவரி 3-ஆம் தேதியிலிருந்து படகு ஓடும். அதிகாலை வாடைக்காற்று பிடித்தவர்கள் ஐந்தரைக்கு வந்துவிடுங்கள். பொங்கலன்று லீவு. தொப்பிக்கு நாடா கட்டிக்கொண்டு வரவும். போன சீசனில் மட்டும் ஏழு தொப்பி கடலுக்குப் போயிருக்கிறது, அதில் இரண்டு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் படகுக்காரர்
தேங்காய்த்திட்டு, புதுச்சேரி